பனடோலுக்கு மூன்றாம் தரம் வந்தவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் மருந்து ஜன்னலுக்கு உள்ளே நின்றவன் நான். மருந்து எழுதுகிறவன் இல்லை, எடுத்துக் கொடுக்கிறவன். மூளைக் கட்டியைப் பற்றிப் பேச இவர் யார் என்று கேட்பீர்கள். டொக்டர்மார் மாற்றலாகிப் போவார்கள், ஜன்னல்காரன் அங்கேயேதான் நிற்பான். யார் எத்தனையாம் தரம் பனடோலுக்கு வருகிறார் என்பது அவனுக்குத் தெரியும்.

டெங்கு என்றால் தேங்கிய தண்ணீரை ஊற்றிவிடலாம், புகை அடிக்கலாம். மூளைக் கட்டிக்கு அப்படி ஒன்றும் செய்ய வழியில்லை. பெரும்பாலும் ஏன் வந்தது என்றே சொல்ல முடியாது. வருகிறவர்களும் கொஞ்சப் பேர்தான், அதனால் ஊர் கண்ணில் படுவதில்லை. எவ்வளவு கெதியாகக் கண்டுபிடிக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர். தலையிடி, சத்தி. முதல் தரம் பனடோல். அடுத்த தரம், இன்னோர் இடத்தில், வாய்வுக் குளிசை. பிறகு கண்ணாடி. மந்திரித்து நூலும் கட்டியாயிற்று. டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்: “விடிய எழும்பேக்க இடிக்குதா?” இவர் இல்லை என்றிருக்கிறார். உண்மைதானே, விடிய அவர் கடலில் அல்லவா நிற்கிறார்! மீனை விற்றுவிட்டு வந்து பத்து மணிக்குப் படுத்தால், இரண்டு மணிக்கு எழும்பும்போதுதான் தலை பிளக்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே கட்டி வளர வளர அமுக்கம் கூடும், படுத்துக் கிடந்தால் இன்னும் கூடும். ஆகவே மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், படுத்து எழும்பும் நேரத்தைப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், படுத்து எழும்பும் நேரம்.

அவர் மூன்றாம் தரம் பனடோலுக்கு என் ஜன்னலுக்கு வந்த அன்று நான் நான்கு குளிசைப் பைகளைப் பலகையில் வரிசையாக வைத்தேன். வலது பக்கத்து இரண்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். “அதையும் எடுங்கோ அண்ணை.” “எதை?” பின்னால் நின்ற மனைவி சொன்னார்: வீட்டிலும் கோப்பையில் இடது பக்கச் சோறு அப்படியே கிடக்குமாம். கதவு நிலையில் இடது தோள் இடிபடுமாம். குடிக்கிறார் என்று அக்கம்பக்கம் கதை கட்டியிருக்கிறது.

ஜன்னலைப் பூட்டிவிட்டு டொக்டரிடம் ஓடினேன். ஸ்கேனில் முட்டையளவு கட்டி. அதுதான் இடது பக்கத்தை அவர் கவனத்தில் படாமல் செய்திருக்கிறது. மூளையின் உறையில் வளர்ந்தது, புற்றுநோய் இல்லை. கொழும்பில் எடுத்தார்கள். வலிப்பு வரலாம் என்று கடலுக்கு விடவில்லை, இப்போது கரையில் இருந்து வலை பொத்துகிறார். எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கிளையோபிளாஸ்டோமா என்ற வகை வந்தால், எல்லா வைத்தியமும் செய்தும் பாதிப் பேருக்கு மேல் ஒன்றரை வருடம் தாண்டுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்த மருத்துவத் துண்டுகள் மூன்று இருந்தன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒரு 80 பக்கக் கொப்பி போதும். எந்தக் கதையைத் தொடங்கினாலும் நான் கொப்பியில் வந்து நிற்பதாக வீட்டில் பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும். எந்த டொக்டரிடம் போனாலும் அந்த ஒரே கொப்பியைக் கொண்டு போய் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். என்றைக்கு இடித்தது, படுத்து எழும்பியபோதா, சத்தி வந்ததா என்று நீங்களும் எழுதுங்கள்.

பிரித்தானியாவில் பிள்ளைகளின் மூளைக் கட்டி அறிகுறிகளைப் பெற்றோருக்கும் டொக்டர்மாருக்கும் சொல்லிக்கொடுக்க 2011இல் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். முன்பு கண்டுபிடிக்க 14 வாரம் அளவில் எடுத்தது, சில வருடத்தில் 7 வாரத்துக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் என்றதும்... ஒலிப்பதிவுத் தம்பி கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிஷம்தான் மிச்சமாம். கைத்தொலைபேசிக் கோபுரத்தால் கட்டி வருமா என்று ஒரு பக்கம், கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போய்வரும் பஸ் காசு, தங்குமிடம், இழக்கும் கூலி பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. பிள்ளை தலையைச் சரித்தே வைத்திருந்தால், புதிதாகக் கண் வாக்காகினால், நடை தள்ளாடினால், எழும்பியதும் சத்தி எடுத்தால் காட்டுங்கள். பெரியவருக்கு முதல் தரம் வலிப்பு வந்தால் கையில் திறப்பைத் திணிக்காமல் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். வணக்கம்.