எல்விஸ் வேஷத்தில் ஒரு கானமேளா

(தக்கலையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சொன்னதையே சொன்ன இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. மழைக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

'மேற்கத்திய இசை பற்றிப் பேசுவார்' என்று என்னை அறிமுகம் செய்துவிட்டார்கள். பீத்தோவனை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது ஒரு கோமாளிக் கூட்டத்தைப் பற்றி. பிறர் பாட்டைப் பாடியே பிழைத்தவர்கள். அதையும் ஒழுங்காகப் பாடாமல் வேண்டுமென்றே கோணலாகப் பாடினார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சியரா மாட்ரே என்று ஒரு சிற்றூர். 1989இல் அங்கிருந்து கிளம்பிய குழுவின் பெயர் ட்ரெட் ஜெப்லின். பெயரிலேயே நக்கல் தொடங்கிவிடுகிறது. லெட் ஜெப்லின், 1968 முதல் 1980 வரை மேடைகளை அதிர வைத்த பிரிட்டிஷ் ராக் குழு. ட்ரெட் என்பது ஜமைக்காவின் ரெகே என்ற இசைவகைப் பாடகர்கள் வளர்க்கும் சடைமுடி. இவர்கள் லெட் ஜெப்லினின் பாட்டுகளை எடுத்து ரெகே தாளத்தில் வாசித்தார்கள். அது போதாதென்று முன்னால் நின்று பாடியவர் அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வேஷத்தில் இருந்தார். இளமையில் இடுப்பை ஆட்டிய ஒல்லி எல்விஸ் இல்லை, 1970களில் உடம்பு பெருத்து, கல் பதித்த வெள்ளை உடுப்பில் வியர்த்துக் கொட்டிய எல்விஸ். வேஷக்காரருக்கு டார்ட்டெல்விஸ் என்று பெயர். அவருக்கும் உடம்பு கனமானது, அதனால் பஞ்சு வைக்க வேண்டிய தேவை இல்லை.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், டி.எம்.எஸ். பாடிய சோகப் பாட்டு ஒன்றை, சிங்காரி மேளம் முழங்க, சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலில் பாடுவது மாதிரி. சிரிக்கிறீர்கள் இல்லையா? மூன்றும் உங்களுக்குத் தெரிந்தவை, அதனால் சிரிப்பு வருகிறது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய முதல் மேடை 1989 ஜனவரி 8. அது எல்விஸின் பிறந்தநாள். மேடையில் ஒருவருக்கு வேலையே பாடகருக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பதுதான். அவருக்கும் ஒரு மேடைப் பெயர், சார்லி ஹாஜ். உண்மையான எல்விஸுக்கு மேடையில் துண்டும் தண்ணீரும் கொடுத்துவந்த சார்லி ஹாட்ஜ் என்பவரைக் கேலி செய்த பெயர் அது. நம்ம திருவிழா மேடைப் பாட்டுக் கச்சேரிகளான கானமேளாக்களிலும் பாடகருக்கு சோடா உடைத்துக் கொடுக்க ஒரு பையன் உண்டு. ஆனால் அவன் பெயரை நோட்டீசில் போட்ட கமிட்டியை நான் பார்த்ததில்லை.

இந்த மாதிரிக் குழுக்களின் வரலாற்றை எழுதப் போனால் ஒரு சிக்கல் வரும். அவர்களே ஒரு பொய் வரலாறு வைத்திருப்பார்கள். கோவிலுக்குத் தலபுராணம் மாதிரி. டார்ட்டெல்விஸ் ஒரு பால்காரர், ஒரு வண்டி மோதலில்தான் மற்றவர்களைச் சந்தித்தார் என்பது ட்ரெட் ஜெப்லினின் புராணம். 2001இல் இன்னொரு குழு வந்தது, ஹேசீட் டிக்ஸி. ஏசி/டிசி என்ற பெரிய ராக் குழுவின் பெயரை நாட்டுப்புற வாயில் இழுத்துச் சொன்னால் வரும் பெயர். 'ஹேசீட்' என்றால் பட்டிக்காட்டான். அவர்களுக்கும் ஒரு புராணம்: மலைக்காட்டுப் பள்ளத்தாக்கில் அந்நியன் ஒருவன் கொண்டை ஊசி வளைவில் காரை மரத்தில் மோதிச் செத்துப்போனான், காரைத் திறந்தால் ஏசி/டிசி இசைத்தட்டுகள், கிராமத்தார் அதைத் தங்கள் ஊர்ப் பாட்டு என்று நினைத்து பாஞ்சோ, பிடில், மேண்டலின் வைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு புராணத்திலும் கார் மோதல்! பேச்சிப்பாறை ரோட்டில் இருக்கும் வளைவுகளைப் பார்த்தால் நம்ம மாவட்டத்தில் பத்துக் குழுவாவது பிறந்திருக்க வேண்டும்.

சரி, வேஷத்தை விடுங்கள். வாசிப்புக்கு வருவோம். எனக்கு முக்கியம் அதுதான்.

நான்கு அடி எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ராக்கில் பெரிய ட்ரம் ஒன்றாவது அடியில் ஓங்கி விழும், சின்ன ட்ரம் இரண்டிலும் நான்கிலும் பதில் சொல்லும். ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு வாசிப்பு இருக்கிறது. அதில் ஒன்றாவது அடியில் ட்ரம்காரர் கையைக் கட்டிக்கொள்வார். மூன்றாவதில்தான் கனம் விழும். கிட்டார் அடிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் 'சக் சக்' என்று வெட்டும். நம்ம பாட்டு வாத்தியார்கள் எடுப்பு தள்ளி, அதாவது தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுத்து, பாடச் சொல்லும்போது மாணவன் படும் பாடு இருக்கிறதே, அதேதான். லெட் ஜெப்லினின் பாட்டுகளோ ஒன்றாவது அடியில் இடி விழுவதற்காகவே கட்டியவை. அந்த இடியைப் பிடுங்கிவிட்டு, பாட்டு சாய்ந்துவிடாமல் நிறுத்த வேண்டும். கோமாளித்தனமாக வாசித்தால் இது வராது. நான் முப்பது வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தவன். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். இரண்டாவது தடவை பேஸை மட்டும் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

1990இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. அதில் ஒரு பாட்டு எனக்குப் பிடித்த திருட்டு. எல்விஸுக்கு 1956இல் பெயர் வாங்கித் தந்த பாட்டின் தலைப்பு 'ஹார்ட்பிரேக்'கில் தொடங்கும். லெட் ஜெப்லினிடமும் 1969இல் 'ஹார்ட்பிரேக்கர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. இரண்டுக்கும் உடைந்த இதயம்தான் சங்கதி. இவர்கள் இரண்டையும் ஒரே பாட்டாகத் தைத்துவிட்டார்கள். தையல் எங்கே என்று தேட வேண்டும். லெட் ஜெப்லினின் பாடகர் ராபர்ட் பிளான்ட் கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் இந்தக் குழுவை வெளிப்படையாகவே பாராட்டினார்.

அப்புறம் சறுக்கல். 1992இல் டிஸ்கோ பாட்டுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆல்பம் போட்டார்கள். டார்ட்டெல்விஸ் விலகிப் போனார், வேறொருவர் பாடினார். சோபிக்கவில்லை. கம்பெனியும் கைவிட்டது. பிறகு டார்ட்டெல்விஸ் திரும்பி வந்தார், குழு ஓடியது, ஆனால் பழைய பரபரப்பு திரும்பவில்லை. ரசிகர்கள் அலுத்துப்போனார்கள் என்று சொல்லலாம். என் கணக்கு வேறு. முன்பு ஒரு பாட்டைக் கேட்கும்போது காதில் இரண்டு பாட்டு ஓடியது. மேடையில் ஒன்று, ஞாபகத்தில் ஒன்று. இரண்டும் உரசும் இடத்தில் சிரிப்பு. டிஸ்கோ ஏற்கெனவே மினுக்கு உடுப்புப் போட்டு ஆடும் இசை. அதற்கு வேஷம் கட்டினால் எதோடு உரசும்?

எங்கள் கதைக்கு வருகிறேன். கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்த என் சித்தப்பா மகன் டேப் ரெக்கார்டரும் கேசட்டுகளும் கொண்டு வந்தான். துபாய் போன வீடுகளில் எல்லாம் அப்போது அதுதான் அடையாளம். அதில் இரண்டு ராக் கேசட். எங்கள் கானமேளாக் குழுவுக்குத் தலை சுற்றிவிட்டது. ஆனால் கானமேளா மேடையில் அதற்கு ஏது இடம்? அம்மன் கொடையோ கோவில் திருவிழாவோ, முதல் மூன்று பக்திப் பாட்டு, அப்புறம் பழைய பாட்டு, அப்புறம் துண்டுச் சீட்டில் வரும் நேயர் விருப்பம். எதுவும் ரிக்கார்டில் இருப்பது மாதிரியே அச்சு அசலாக இருக்க வேண்டும். இடையிசையில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு விட்டுப்போனால் மறுநாள் டீக்கடையில் கேட்பார்கள்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்து ஊர் ஒன்றில் ஒரு திருவிழா. இரவு ஒரு மணி. விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் எல்லாம் தூங்கி விழுகிறார்கள். எங்கள் ட்ரம்ஸ்காரனுக்கு ஒரு குசும்பு வந்தது. ஊரே அறிந்த ஒரு சோகப் பாட்டை, அந்தக் கேசட்டில் கேட்ட ராக் அடியில் மூன்று மடங்கு வேகத்தில் எடுத்தான். பாடகன் ஒரு நொடி திகைத்தான், பிறகு அழுதுகொண்டே ஓடுகிறவன் மாதிரி பாட ஆரம்பித்தான். கூட்டம் எழுந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் விசில். நாங்கள் வானத்தில் பறந்தோம். இரண்டாவது சரணம் தொடங்கும் முன் கமிட்டிக்காரர் ஒருவர் ஜெனரேட்டர் பக்கம் போய் வயரைப் பிடுங்கிவிட்டார். பேசிய தொகையில் பாதிதான் தந்தார்கள்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது ஒரு பெரியவர் வந்தார். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவராம். "லேய் மக்கா, அந்தப் பாட்ட நீ முன்னால ஒரு தடவ நேரா பாடியிருக்கணும். அழ வச்சுட்டுல்லா சிரிக்க வைக்கணும்" என்றார். எங்களுக்கு அப்போது இருந்த எரிச்சலில் பீடிக்கு நெருப்பு மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அவர் சொன்னது எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தாரே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், அவர் வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். அவருடைய கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைத் தலைகீழாகப் பிடித்த வேலை. நந்தன் சிதம்பரம் போகத் தவிக்கிறான், கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போகத் தவிக்கிறான். கதாகாலட்சேபத்தின் அதே பாவனை, அதே இழுப்பு, அதே விளக்கம். கலைவாணர் அந்தப் பாகவதர் நடையைச் சுத்தமாகப் பிடித்துக் காட்டுவார். அதனால்தான் சிரிப்பு. கேட்டவர்கள் நந்தனாரை அறிந்தவர்கள், அவனுக்காகக் கண் கலங்கியவர்கள். குடம் அடித்த பெரியவர் கேட்ட அழுகை அங்கே முன்கூட்டியே நடந்து முடிந்திருந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்து இரவில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். என்ன பாட்டு என்று பிடிபடுவதற்குள் அடி ஓடிவிட்டது.

மெட்டை இடம் மாற்றுவது நம்ம ஊர் பார்த்த சங்கதிதான். நாகர்கோவிலில் கேதரின் பூத் ஆஸ்பத்திரி நடத்தும் இரட்சணிய சேனை, லண்டனில் தொடங்கிய காலத்தில் மதுக்கூடப் பாட்டுகளின் மெட்டையே பிடித்து அதில் ஏசுவின் பாட்டை ஏற்றியது. 1880களில் 'ஷாம்பெயின் சார்லி' என்ற குடிகாரப் பாட்டின் மெட்டுக்கே ஒரு துதிப்பாடல் கட்டினார்கள். தெருவில் குடித்துக்கொண்டிருந்தவன் தன் பாட்டுதான் என்று கூடச் சேர்ந்து பாடுவான், பாதியில்தான் விஷயம் தெரியும். நோக்கம் வேறு, தந்திரம் ஒன்றுதான்.

பீட்டில்ஸும் தொடக்கத்தில் இப்படி ஒரு கானமேளாக் குழுதான். 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் போனார்கள். ராத்திரிக்கு ராத்திரி மணிக்கணக்காகப் பிறர் பாட்டு. கிளப் முதலாளி கீழே நின்று "மாக் ஷாவ்" என்று கத்துவாராம். கூத்துக் காட்டுங்கடா என்று அர்த்தம். குதித்தார்கள், உருண்டார்கள், கூட்டத்தைத் திட்டினார்கள். அத்தனை கூத்துக்கு நடுவில் கை பழகியது.

இங்கே கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு நடைமுறை விஷயம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் திருமண வீட்டுக் கொண்டாட்டத்திலும் மதச் சடங்கிலும் பாட்டு வாசிப்பதற்கு விலக்கு இருக்கிறது. காசு வாங்காத கூட்டத்தில் அமெச்சூர் குழு வாசித்தாலும் விலக்கு உண்டு. ஆனால் பிறர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து விற்பது வேறு. 2012 திருத்தத்தின்படி முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும், உரிமைத் தொகை கட்ட வேண்டும், பாட்டைத் தேவையில்லாமல் மாற்றவும் கூடாது. அமெரிக்காவில் 1994இல் உச்ச நீதிமன்றம், வியாபாரத்துக்காகச் செய்த நையாண்டிப் பாட்டுக்கும் நியாயமான பயன்பாடு என்ற பாதுகாப்பு கிடைக்கலாம் என்று சொன்னது. அதை நம்பி இங்கே இறங்காதீர்கள்.

இன்னொரு குழுவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. மீ ஃபர்ஸ்ட் அண்ட் த கிம்மி கிம்மீஸ். 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் சேர்ந்தவர்கள். எல்லாரும் பங்க் என்ற முரட்டு ராக் வாசிக்கும் வேறு குழுக்களில் பெயர் வாங்கியவர்கள். அப்பா அம்மா காலத்து மெல்லிய பாட்டுகளை எடுத்து அசுர வேகத்தில் அடிப்பார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட நேரடிப் பதிவு எங்கே எடுத்தது தெரியுமா? பதின்மூன்று வயதாகும் யூதப் பையனுக்கு நடத்தும் வீட்டு விசேஷத்தில். சொந்தக்காரர்கள், பாட்டிமார், சாப்பாடு, நடுவில் இந்தக் கூச்சல். நம்ம கல்யாண ரிசப்ஷனில் மாமா ஒருவர் வந்து "சவுண்டைக் குறை தம்பி" என்பாரே, அந்த முகங்கள் அங்கேயும் இருந்திருக்கும்.

மழை வந்துவிட்டது. இனி நான் பேசினாலும் கேட்காது. இந்தத் தம்பிகள் ஒரு பழைய சோகப் பாட்டை எடுத்திருக்கிறார்கள். முதலில் நேராக ஒரு தடவை பாடுவார்கள். இரண்டாவது தடவை ஒன்றாவது அடியை விட்டுவிட்டு. நீங்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருங்கள், கை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்போம். லைட்டை அணைக்க வேண்டாம், கொசு இருக்கிறது.