ஆறு கட்டில் இலவசம், ஐந்து கட்டிலுக்குக் காசு

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளாக உங்களில் பல பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறீர்கள். "வாழ்க்கையில எனக்கு எது முக்கியம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதற்கென்றே நெட்டில் நீளமான பட்டியல்கள் இருக்கின்றன. நேர்மை, குடும்பம், சுதந்திரம், அன்பு என்று வரிசையாகப் போட்டு, பிடித்த ஐந்தை டிக் அடிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேர்மை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எல்லாமே நல்ல சொற்கள். நல்லது இரண்டு மோதிக்கொள்ளும்போது எதை விடுகிறீர்கள், எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று பார்த்தால்தான் உங்களைப் பற்றி உங்களுக்கே ஏதாவது தெரியவரும்.

மதுரைக்காரர்களுக்கு டாக்டர் வி என்றால் உடனே தெரியும். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், பிரசவம் நெருங்கிய மாதங்களில், சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. அதனால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்று முடிவு செய்துதான் மருத்துவம் படிக்கப் போனார். படித்து முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும்போது முடக்குவாதம் தாக்கியது. படுத்த படுக்கை. விரல்கள் கோணிப்போயின. பேனாவைக்கூடப் பிடிக்க முடியாத நிலை. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு போச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கனவு போனதும் எல்லாம் போச்சு என்று நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்துவிடுகிறோம்? அவர் கண் மருத்துவம் படித்தார். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண்புரை அறுவை சிகிச்சை பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார். பிரசவ மருத்துவம் என்பது அவர் நினைத்த வழி. வைத்தியம் எட்டாமல் ஏழை ஜனம் கஷ்டப்படக் கூடாது என்பதுதான் அடியில் இருந்த விஷயம். வழி அடைபட்ட பிறகும் அது அப்படியே இருந்தது. வேலை போனவர்கள், நினைத்த படிப்பு கிடைக்காதவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள். நீங்கள் இழந்தது வழியையா, அடியில் இருந்ததையா?

அப்புறம் 1976. அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு. வீட்டை அடமானம் வைத்து, தங்கை, தங்கை வீட்டுக்காரர் என்று குடும்பத்தையே சேர்த்துக்கொண்டு, பதினோரு கட்டிலோடு ஆரம்பித்தார். ஆறு கட்டில் காசு கொடுக்க முடியாதவர்களுக்கு, ஐந்து கட்டில் கொடுக்க முடிந்தவர்களுக்கு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது இந்தக் கணக்குதான். "ஏழைகளுக்கு உதவுவோம்" என்று போர்டு எழுதி மாட்டியிருந்தால், பணம் தட்டுப்படும் முதல் மாதத்திலேயே "இந்தத் தடவை மட்டும்" என்று மனசு மாறியிருக்கும். கட்டிலைப் பிரித்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் கணக்கு பின்னாளில் இன்னும் நுணுக்கமானது. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. காசு கட்டும் பகுதிக்குப் போவதா, இலவசப் பகுதிக்குப் போவதா என்பது வருகிறவர் முடிவு. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். கிராமத்து முகாமில் ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பல பேர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, இதற்கெல்லாம் எங்கே போவார்கள்? அதனால் வண்டியும் சாப்பாடும் சேர்ந்தன. கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் விழிலென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து எக்கச்சக்க விலை விற்றபோது, 1992இல் ஆரோலேப் என்ற தங்கள் சொந்தத் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி இங்கேயே செய்து விலையை இறக்கினார்கள். அடியில் இருந்த அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே ஒவ்வொரு தடையாகத் தாண்டியிருக்கிறார்கள்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். ஒரு தங்கை எழுதியிருந்தார். பெங்களூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். "எனக்குக் குடும்பமும் முக்கியம், வேலையும் முக்கியம், நான் என்ன பண்ணட்டும் அக்கா?" ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992இல் மனிதர்களின் அடிப்படை மதிப்புகளைப் பத்தாகப் பிரித்து ஒரு வட்டத்தில் அடுக்கினார். சாதிக்க வேண்டும் என்பதும், நெருங்கியவர்களின் நலன் என்பதும் அதில் எதிரெதிர்ப் பக்கம். ஆகவே தங்கச்சி, உங்களுக்குள் இழுபறி நடப்பதால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். இந்த இரண்டும் எல்லோரையும்தான் இழுக்கும்.

நான் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். மாதக் கடைசியில் ஜிபே கணக்கைத் திறந்து மேலிருந்து கீழே வரை படிப்பேன். எந்தச் செலவைப் பார்த்ததும் மனசு நிறைகிறது, எதைப் பார்த்ததும் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்வேன். சித்தியின் மருந்துக்கு அனுப்பிய காசு ஒரு நாளும் உறுத்தியதில்லை. யாரோ என்ன நினைப்பார்களோ என்று வைத்த மொய் உறுத்துகிறது. கூடவே, அந்த மாதம் எதற்காக நிஜமாகக் கோபப்பட்டேன் என்றும் எழுதுவேன். வயதானவர்களை யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குத் தாங்காது. இதையெல்லாம் எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தெரிந்த பிறகு அதை ஒரு வரியாக, கட்டில் கணக்கு மாதிரி எழுத வேண்டும். "குடும்பம் முக்கியம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. அந்தத் தங்கை பெங்களூர் போகலாம், தப்பே இல்லை. ஆனால் போவதற்கு முன்பே, "மாதத்தில் இரண்டாவது வெள்ளி ராத்திரி ஊருக்கு டிக்கெட், ஆபீஸில் என்ன சொன்னாலும் மாற்ற மாட்டேன், அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் வேலையை விட்டுவிட்டு வருவேன்" என்று எழுதி அம்மாவிடமே காட்டிவிட வேண்டும். எழுதக் கை வரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான். அப்போது வேலைதான் தனக்கு முதலில் என்று மறைக்காமல் ஒத்துக்கொண்டு, அம்மாவுக்கு வேறு நல்ல ஏற்பாடு செய்யட்டும்.

உங்கள் வரியை எழுதி அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு லைவில் பணம் சம்பந்தமான வரிகளை முதலில் எடுக்கிறேன். வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. எழுதி முடிக்கும் வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம்.