துருப்பைக் கேளுங்கள்

(கேரளத்தின் சித்தூர் வட்டத்து எல்லைக் கிராமம் ஒன்றில், வாசகசாலை ஆண்டு விழாவின் இருபத்தெட்டு சீட்டுப் போட்டிக்கு முன் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, பரிசுக்குடத்தை மகிழ்வோடு தந்திருக்கும் ரேஷன்கடை அண்ணன் அவர்களே, எனக்கு மலையாள எழுத்தைக் கற்றுக்கொடுத்த மாஷ் அவர்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் வந்திருக்கும் ஆட்டக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் சொல்லச் சொன்னார்கள். ஆட்டத்தின் விதி, கூட்டாளியைப் புரிந்துகொள்வது, வெற்றி தோல்வியைக் குறிக்கும் காய்களின் கணக்கு. முதலில் புதிய பிள்ளைகளுக்காக விதி.

ஏழு முதல் ஆசு வரை வகைக்கு எட்டாக 32 சீட்டு. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவற்றுக்கு ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு ஏழு புள்ளி, நான்கு வகைக்கு 28. அதுதான் பெயர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டு. நாலு சீட்டு வந்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்ற கேள்வி தொடங்கும். அதிகம் கேட்டவர், மற்ற வகைகளை வெட்டும் துருப்பு வகை எது என்று காட்ட ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். கூட்டாளிக்குக்கூடக் காட்ட மாட்டார். அப்புறம் மிச்ச நாலு சீட்டு. இறக்கிய வகை கையில் இல்லாதவர் ‘துருப்பைக் காட்டு’ என்று கேட்கலாம். இந்தக் கடைசி விதியை மறக்காதீர்கள், நான் ஒருமுறை மறந்தேன்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார் என் மாமா. 1974 ஓணத்துக்கு மறுநாள், தென்னந்தோப்பில் பாய் விரித்து நானும் மாமாவும் ஒரு பக்கம், மலையாளக்கார அண்ணன்மார் இருவர் எதிர்ப்பக்கம். மாமா துணிந்து 21 கேட்டுவிட்டார். எதிராளி ஆர்ட்டின் ஜாக்கியை இறக்கினார். அடுத்தது நான். என் கையில் ஆர்ட்டினே இல்லை. துருப்பைக் காட்டச் சொல்லியிருக்கலாம். பெரியவர் மறைத்து வைத்ததை நான் எப்படிக் கேட்பது என்று கூச்சம். ஒன்றுமில்லாத ஏழு ஒன்றைப் போட்டேன். எனக்கு அடுத்தவர் ஆர்ட்டின் ஒன்பதைத் தன் கூட்டாளிக்குக் கொட்டினார். மாமாவிடம் இருந்த ஒரே ஆர்ட்டின் ஆசு, அதையும் போட்டாக வேண்டும். ஒரே பிடியில் ஆறு புள்ளி போச்சு. துருப்பு கிளாவர். என் கையில் இரண்டு கிளாவர் இருந்தது! கடைசியில் எங்களுக்கு 19. மிஞ்சியிருந்த காயும் போனதால் இருவர் காதிலும் ஈர்க்கை வளைத்துக் குணுக்கு மாட்டினார்கள். காது வளர்க்க நம் பாட்டிமார் போட்ட அதே குணுக்கு, மலையாளத்திலும் அதே சொல். மாமா திட்டவில்லை. குணுக்கோடு வீடுவரை நடந்தார். வாசலில் நின்று, ‘ஏன்டா கேக்கலே?’ என்று மட்டும் கேட்டார்.

சபையோர்களே, அதையே இன்று உங்களிடம் கேட்கிறேன். 1945-இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டிச் சங்கம் அமைத்ததால் வளர்ந்த இயக்கம் இது. அவர் மறைந்த ஜூன் 19-ஐக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. அந்த வழியில் வந்த நம் வாசகசாலையில் தமிழ்ப் புத்தகம் ஒரே தட்டில் அடங்கிவிடுகிறது. யாரும் நம்மை மறுக்கவில்லை. நாம்தான் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் தமிழ் வழியில் படித்துவிட்டு, இங்கே வந்து அட்டையைத் தடவிப் பார்த்துத் திரும்புகிறார்கள். ஒரு முழு அலமாரி வேண்டும், கதையும் அறிவியலும் வேளாண்மையும் நிறைந்த தமிழ் அலமாரி. ஒரு கை தட்டினால் ஓசை வராது. மலையாளம் பேசும் அண்ணன்மாரும் கையெழுத்துப் போட வேண்டும். மாஷ் முதல் ஆளாகப் போட்டுவிட்டார், அவருக்கு என் நன்றி.

கூட்டாளியைப் புரிந்துகொள்வதைப் பற்றியும் காய்க் கணக்கைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி. நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் அங்கேயே. கையெழுத்துப் போட்டவர்கள் உள்ளே வந்து எதிரெதிரே உட்காருங்கள், முதல் மேசைக்குச் சீட்டுக் குலுக்கியாயிற்று.