யானை போன பின் கட்டுத்தறி

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா இறந்தால் விடுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது என்று யாருக்கும் குழப்பம் வராது. அண்ணன், மாமியார், பெரியம்மா என்றாலும் எழுதிவிடலாம். இருபது வருடம் பழகிய நண்பர் இறந்தால்? பலர் ‘உடல்நலமில்லை’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சிலர் விடுப்பே எடுக்காமல் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான்காம் நாள் முகம் வாடியிருந்தால், “என்னப்பா, தூக்கமில்லையா?” என்று ஒரு கேள்வி வரும். அவ்வளவுதான்.

உறவு என்ற சொல்லுக்குள் வராத ஒருவருக்காகப் படும் துக்கத்தை, அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று 1989-இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். இந்தத் துக்கம் மற்றதைவிடச் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. ஆனால் இதைக் கேட்க ஆள் இருக்காது. கேட்க ஆளில்லாத துக்கம் ஆற நாளாகும். ஆகவே நண்பரை இழந்தவர், தான் ஆறுவதற்கான ஏற்பாட்டைத் தானேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இன்றைய பேச்சு அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர் விட்டான். அவனுடைய நண்பர் பொத்தியார் உறையூருக்குத் திரும்பி வருகிறார். ஊர் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, அரசன் இல்லை. அப்போது பாடுகிறார்: பல ஆண்டுகள் கூடவே இருந்த பெரிய களிற்றை இழந்த பாகன், அது தங்கியிருந்த கூடத்தில் வெறும் கட்டுத்தறியை, யானையைக் கட்டும் கம்பத்தை, கண்டு அழுவதைப்போல, நானும் மன்றத்தைக் கண்டு கலங்கினேன் என்கிறார். பாகனை அழவைத்தது எது என்று கவனியுங்கள். யானை இறந்த செய்தி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவனை உடைத்தது அந்தத் தறி. தினமும் எந்த இடத்துக்குப் போய், எந்த நேரத்தில், என்ன செய்தானோ, அந்த இடமும் நேரமும் அப்படியே நிற்கின்றன. யானை மட்டும் இல்லை.

(பொத்தியாரும் பிறகு அதே வழியில் உயிர் விட்டார் என்பது மரபு. அந்த முடிவு நமக்கு வேண்டாம். பாகனை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

நண்பரை இழந்தவர்களுக்கும் இப்படித்தான். இரங்கல் கூட்டத்தில் கண்ணீர் வராது. மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து வெளியே வந்ததும் கை தானாகப் போனை எடுக்கும். மாலை ஆறரை மணிக்கு அவரை அழைப்பது வழக்கம். அந்த ஆறரைதான் தறி.

முதல் ஏற்பாடு, தறிகள் எங்கெங்கே என்று கண்டுபிடிப்பது. ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், அவர் நினைவு குத்தும் ஒவ்வொரு முறையும் மணியையும் இடத்தையும் மட்டும் குறியுங்கள். உணர்ச்சியை வர்ணிக்க வேண்டாம். வார முடிவில் பார்த்தால், நாள் முழுக்க வலித்ததாக நினைத்தவருக்கும் அது மூன்று நான்கு இடங்களில் திரண்டிருப்பது தெரியலாம். ‘எப்போதும்’ என்பதை எதுவும் செய்ய முடியாது. ஆறரை மணியை ஏதாவது செய்யலாம்.

என்ன செய்வது? அந்த நேரங்களில் ஒன்றைக் காலியாகவே விடுங்கள். இருபது நிமிடம் போதும். அழுங்கள், அவருடைய படத்தைப் பாருங்கள், அவருக்கே கடிதம் எழுதுங்கள். முடிந்ததும் எழுந்து முகம் கழுவி, உடம்பு அசையும் வேலை ஒன்றைச் செய்யுங்கள். இன்னொன்றை இடம் மாற்றுங்கள். அதே நேரத்தில் வேறு தெருவில் நடங்கள். மூன்றாவதை வேறொரு மனிதருக்குக் கொடுக்கலாம், ஆனால் உடனே கொடுக்காதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஆறரை மணியின் வெறுமை தாங்காமல், அதே ஆறரைக்கு, அதே மாதிரிப் பேச்சுக்கு வேறொருவரைப் பிடிப்பார்கள். வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், “அவர் இப்படிச் சிரிக்கமாட்டாரே” என்று மனம் கணக்குப் போடும். ஒரு மாதத்தில் அந்தப் புதிய நட்பும் கசந்துவிடும். தப்பு வந்தவர் மேல் இல்லை. இன்னொருவருடைய தறியில் அவரைக் கட்டப் பார்த்தோம். புதியவருக்குப் புதிய நேரம், புதிய வேலை கொடுங்கள்.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். 1969-இல் எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பின்னால் அந்தப் படிகளை, அன்பானவரை இழந்தவர்கள் தலையில் வைத்துவிட்டார்கள். “எனக்கு இன்னும் கோபம் வரவில்லையே, கோளாறா?” என்று கேட்பவர்கள்கூட இருக்கிறார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னது நம் அனுபவத்துக்கு நெருக்கமானது. மனம் ஊசல்போல ஆடுகிறது. ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் நடக்க வேண்டிய வாழ்க்கை. காலையில் அழுகை, மதியம் சிரிப்பு, இரவு மறுபடி அழுகை. ஆடுவதே ஆறுவது. ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும்; ஓயாமல் வேலையில் மூழ்கி ஒரு சொட்டும் அழாமல் இருப்பதும் அப்படி நிற்பதுதான்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதம் எதையும் அழிக்காதீர்கள். குரல் செய்திகளையும் படங்களையும் நகலெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள், ஏனென்றால் போன் மாற்றும்போதுதான் இவை தொலைகின்றன. பயன்பாட்டில் இல்லாத எண் சில மாதங்களில் வேறு யாருக்காவது போகலாம். நண்பரின் பெயருக்குக் கீழே முகம் தெரியாத ஒருவரின் படம் திடீரென்று வந்து நிற்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அடி சற்றுக் குறையும்.

இனி அன்பு. புதிதாக ஒருவரைத் தேடும் முன், ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். கணவரோ மனைவியோ, என்ன செய்வதென்று தெரியாமல் விலகி நிற்பார். அதை அக்கறையின்மை என்று நாம் எடுத்துக்கொள்வோம். வாய்விட்டு, அளவோடு கேளுங்கள்: “ஆறுதல் சொல்ல வேண்டாம். பத்து நிமிடம் கேட்டால் போதும். வருகிற ஒன்பதாம் தேதி அவள் பிறந்தநாள், அன்று அவளைப் பற்றி என்னிடம் நீங்களாகக் கேளுங்கள்.” ‘என்னைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்பதைவிடத் தேதியும் நிமிடமும் உதவும்.

துணையில்லாமல் இருப்பவருக்கு இந்தக் காலத்தில் காதல் வரலாம். பெரும்பாலும் எங்கிருந்து? இறந்தவரின் இன்னொரு நண்பர், அல்லது உடன்பிறந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே காயம், இரவெல்லாம் பேச்சு. இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது காதலா, பகிர்ந்த துக்கமா என்று அப்போதே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இறந்தவருக்கும் உங்கள் இருவருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு காரியத்தை, நான்கைந்து முறை சேர்ந்து செய்யுங்கள். ஒரு மொழி கற்கலாம், ஒரு தோட்டத்தைச் சீர்செய்யலாம். அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு வேண்டாம். ஆனால் சந்திப்பதற்கு அவர் காரணமாக இருக்கக்கூடாது. பேச்சு ஓடுகிறதா, வற்றுகிறதா? வற்றினால், அது துக்கம் கட்டிய பாலம். நல்ல பாலம்தான், நட்பாகவே இருக்கட்டும். கல்யாணம், வீடு மாறுவது, வேலையை விடுவது போன்ற முடிவுகளை முதல் ஆண்டு நினைவுநாள் தாண்டும்வரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

வருபவர் உங்கள் நண்பரை அறியாதவர் என்றால், முதல் சில சந்திப்புகளுக்குள்ளேயே நண்பரின் பெயரையும், நெருடும் தேதிகளையும் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்து ஆறாம் மாதம் நினைவுநாளன்று உடைந்து அழுதால், அந்த மனிதர் தன்னால்தான் ஏதோ என்று நினைத்துக்கொள்வார். இன்னொன்று, புதிய காதலில் சந்தோஷமாக இருக்கும் நிமிடத்தில் ஒரு குற்ற உணர்வு வரும்: ‘அவன் இல்லாமல் நான் சிரிக்கிறேனே.’ அதைத் துணையிடம் அப்படியே சொல்லுங்கள். சொன்னால் அரை மணியில் தணிவதைச் சொல்லாமல் வைத்திருந்து, துணை மேல் எரிச்சலாகக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

நேரம் முடியப்போகிறது. இரண்டு விஷயங்களை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன்.

ஒன்று, மருத்துவர். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் கடும் ஏக்கமும், அன்றாட வாழ்வு முடங்கிக் கிடப்பதும் அதன் அடையாளங்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, குடி கூடினாலோ ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். ‘நானும் போய்விடலாம்’ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு, நண்பரின் பெற்றோர். முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். நீங்கள் மூன்றாம் மாதம் போங்கள். அவர்கள் பார்த்திராத ஒரு படத்தையோ, கேட்டிராத ஒரு சம்பவத்தையோ எடுத்துப் போங்கள். அரை மணி இருங்கள், அடுத்து எப்போது வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்ன நாளில் கட்டாயம் போங்கள்.

வணக்கம்.