சொதியை வேண்டாம் என்றவன்

(நெல்லைச் சீமையில், ஒரு முத்தாரம்மன் கோயில் கொடைவிழாப் பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: பதின்வயதுப் பிள்ளைக்கு ஊசி மருந்து தருமுன் விளக்கம் சொல்ல வேண்டுமா, பெற்றவர் கையெழுத்தே போதுமா? ‘விளக்கம் வேண்டும்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குச் சாமக்கொடை. வில்லுப்பாட்டு அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் நின்று என்னை முறைக்கிறார். அதனால் நேராக மாட்டுக்கு வருகிறேன்.

ஆமாம், மாட்டுக்குத்தான். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, “கோமாரி ஊசி போடுதோம். மாட்டுகிட்டயா கேட்டுப் போடுதோம்?” என்று கேட்டார். நீங்களும் விசிலடித்தீர்கள். நான் வீட்டிலிருந்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அந்த விசில் சத்தத்தைக் கேட்டதும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி வீட்டு மாட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டில்தான் பால் வாங்குகிறேன். தண்ணீர் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அது வேறு பட்டிமன்றம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கோமாரி ஊசி. போன தடவை கால்நடை டாக்டர் வந்தபோது நான் தூக்குவாளியோடு தொழுவத்து வாசலில் நிற்கிறேன். அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? லெட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தாடியை நீவிவிட்டார். “ஒண்ணுமில்லத்தா, ஒண்ணுமில்ல. கோமாரி வந்தா வாயெல்லாம் புண்ணாயிரும், தீனி எடுக்க மாட்டே, குளம்பு வெடிச்சிரும். அதுக்குத்தான் இது. சுருக்குன்னு இருக்கும், முடிஞ்சிரும்” என்றார். என்ன நோய், எதற்கு ஊசி, எப்படி வலிக்கும், எல்லாம் சொல்லியாயிற்று. டாக்டர் தன் பங்குக்கு, “ரெண்டு நாளைக்குப் பால் குறையும், பயந்துராதீங்க” என்றார். பின்விளைவும் வந்துவிட்டது. அப்புறம் லெட்சுமிக்கு ஒரு கை பிண்ணாக்கு.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். பதினாறு வயது. கையைத் தடவிக்கொண்டே, “தாத்தா, ஸ்கூல்ல ஊசி போட்டாங்க. அது என்ன ஊசி தாத்தா?” என்று கேட்டான். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போட்டா போட்டுக்கோல. கேள்வி கேக்கான் பாரு, மூதி!”

நடுவர் அவர்களே, அந்த வீட்டில் மாடாகப் பிறந்திருந்தால் அவனுக்கு விவரம் கிடைத்திருக்கும்.

தம்பி, நீ இந்தக் கூட்டத்தில்தான் இருப்பாய், நானே சொல்கிறேன். அது டி.டி. ஊசி. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து, பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று போடுவார்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது? வில்லுப்பாட்டு அண்ணாச்சி ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அண்ணன் மகன் கதை இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், இப்போது அவனுக்கு மீசை வந்துவிட்டது. அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்கள், தெரியும்தானே? ரத்தசோகை வராமலிருக்க. அதில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். நல்ல மாத்திரை. ஆனால் அன்றைக்குச் சொன்னது மூன்றே சொல்: “வாயத் திற. முழுங்கு.” முழுங்கிவிட்டான்.

மறுநாள் காலை கொல்லைக்குப் போனவன் கருப்பாகப் போயிருப்பதைப் பார்த்தான். சிரிக்காதீர்கள், சாமி சன்னதி. யாரிடம் கேட்பது? அப்பாவிடம் கேட்டால் அடி. அதனால் அப்பாவின் போனிடம் கேட்டான். ‘கருப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம்’ என்றது போன். அதுவும் பொய்யில்லை, சில பேருக்கு அப்படியும் இருக்கும். பையன் போனைக் கீழே வைத்தான். தன் கதை முடிந்தது என்று தீர்மானித்துவிட்டான்.

அழவில்லை. ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. நேராகப் போய்ச் சைக்கிளைத் துடைத்துத் தம்பியிடம், “நீயே வச்சிக்கோல” என்றான். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சைக்கிளை வேண்டாம் என்று சொல்வானா? பக்கத்து வீட்டுக்குப் போய், “மதினி, போன மாசம் கொய்யாக்காய் பறிச்சது நான்தான், மன்னிச்சிருங்க” என்றான். அந்த மதினி அதுவரை கிளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

(மணி ஒலிக்கிறது.)

நடுவர் அவர்களே, கொஞ்சம் பொறுங்கள். இன்னும் பேட் கொடுக்கவில்லை.

எதிர்த்த வீட்டுப் பையனுக்கும் இவனுக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஒரு ரன் அவுட் தகராறு. அவனைக் கூப்பிட்டுக் கிரிக்கெட் பேட்டைக் கையில் கொடுத்து, “நீ சொன்னதுதாம்ல சரி. நான் அன்னைக்கு அவுட்டுதான்” என்றான். ரன் அவுட்டை ஒத்துக்கொண்ட ஒரு பையனை இந்த ஜில்லாவில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அப்போதும் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மத்தியானம் எங்கள் அம்மா, அவனுக்கு ஆச்சி, சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் எடுத்து, இஞ்சிப் பச்சடியும் அரைத்து வைத்திருக்கிறாள். பையன் இலையைப் பார்த்துவிட்டு, “சொதி வேண்டாம் ஆச்சி. மத்தவங்க சாப்பிடட்டும்” என்றான். ஆச்சி கரண்டியைக் கீழே போட்டாள். “ஏ யாத்தே! திருநவேலியில பொறந்தவன் சொதிய வேண்டாங்கான். பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு, வண்டிய எடுல!”

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா. நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கினார். “தம்பி, பள்ளிக்கூடத்துல நீல மாத்திரை போட்டியா?” என்று கேட்டார். “ஆமாக்கா.” “அதான். இரும்பு. கருப்பாத்தான் போகும். போய்ச் சொதி சாப்பிடு.” அவ்வளவுதான் வைத்தியம். சாயங்காலம் பேட்டைத் திருப்பிக் கேட்கப் போனான். “கொடுத்தது கொடுத்ததுதாம்ல” என்று அந்தப் பையன் கதவைச் சாத்திவிட்டான். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் மாத்திரை வந்தபோது வாயில் போட்ட மாதிரி போட்டு ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டான். அவன் பட்ட பாட்டைக் கேட்ட வகுப்பே எறிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அடியில் பார்த்தால் நீலப் பூவாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த வேப்பமரத்துக்கு இந்த ஜென்மத்தில் ரத்தசோகை வராது. அண்ணாச்சி, உங்கள் லெட்சுமிக்குப் பால் குறையும் என்று முன்கூட்டியே சொன்ன டாக்டர் மாதிரி, இவனுக்கு நிறம் மாறும் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்த மாத்திரையெல்லாம் பிள்ளைகள் வயிற்றுக்குப் போயிருக்கும்.

சட்டம் பேசச் சொல்லி எங்கள் அணித்தலைவர் சீட்டு அனுப்புகிறார். சரி, பேசிவிடுகிறேன். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது, இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையைத் தொடுகிற விஷயத்தில் பிள்ளையின் பேச்சையும் கேள், வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி மதிப்புக் கொடு என்கிறது அதன் 12-வது பிரிவு. கையெழுத்தே போதும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பத்து முதல் பதினாலு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசியை ஒரு ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். பல பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, விடுதிக் காப்பாளர்! சில பிள்ளைகள் இறந்தார்கள். ஊசியால் வந்த சாவாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனாலும் 2010-ல் திட்டம் நின்றது, 2013-ல் நாடாளுமன்றக் குழு கிழித்துத் தொங்கவிட்டது. ஊசி நல்ல ஊசி, கையெழுத்துதான் கெட்ட கையெழுத்து. பழி யாருக்கு வந்தது? ஊசிக்கு.

‘சொன்னால் பயப்படுவார்கள்’ என்றார் எதிரணித் தங்கச்சி. எங்கள் ஆச்சிக்குத் தோளில் அம்மை குத்திய தழும்பு உண்டு. அம்மை குத்துகிறவர் தெருவில் நுழைந்தாலே வைக்கோல் படப்புக்குள் ஒளிந்துகொள்வார்களாம். அவர்களுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை, பயம் மட்டும் குறைந்ததா? 2017 பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துப் பதினைந்து வயது வரை ஊசி போட்டார்களே, அப்போது வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் வந்தது! ‘கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கண்ணும் காதும் இதயமும் கெடும், அதற்குத்தான் இது’ என்று நாம் முதலில் சொல்லவில்லை. வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. நாம் பேசாமல் இருந்தால் பிள்ளை கேட்காமல் இருக்குமா? வேறு யாரிடமாவது கேட்கும்.

நடுவர் இரண்டாவது மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒன்று மட்டும். கருப்புக்குச் சிரித்தீர்கள். இது சிவப்பு. இந்த ஊர் மைக்கில் இதை நான் சொன்னதில்லை.

எனக்குப் பதினைந்து வயதில் இருமல் நிற்கவே இல்லை. அம்மா ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். வெளியே வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணுமில்லட்டி, சத்து மாத்திரை” என்றாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் கையில் கொட்டுவாள், நான் விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். அன்றிலிருந்து ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போனது. பதினைந்து வயதுப் பெண் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? சொல்லவில்லை. மூன்றாவது மாதம் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. சத்துதான் ஏறிவிட்டதே, எதற்கு இந்தச் சிவப்பு என்று நாக்குக்கு அடியில் வைத்து, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பினேன்.

அது காசநோய் மாத்திரை. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டியது. சிவப்பு அந்த மருந்தின் நிறம்தான், பயப்பட அதில் ஒன்றுமில்லை. நோய் திரும்பி வந்தது. மறுபடி எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. பத்தாம் வகுப்புப் பரீட்சை போயிற்று. கூடப் படித்தவர்கள் எல்லாரும் எனக்கு ஒரு வருடம் மூத்தவர்கள் ஆகிவிட்டார்கள். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இந்த நோய் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று, அவளே இரண்டு பேர் பயத்தையும் சுமந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

போன வருடம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசினார். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாத்திரையை அம்மா கையில் வைத்தேன்.

“இது எதுக்குட்டி?”

“சத்து மாத்திரைம்மா.”

அம்மா மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “செவப்பாப் போகுமாட்டி?” என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் அவளிடம் அந்தச் சிவப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. திண்ணையில் உட்கார வைத்து, டாக்டர் சொன்னது அத்தனையையும் சொன்னேன். என்ன கட்டி, எந்த மாத்திரை எதற்கு, முடி கொட்டும் என்பதுகூட. முழுதும் கேட்டாள். நடுவில் ஒரு தடவை முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

“சரி. தண்ணி எடுத்துட்டு வா” என்றாள்.

வணக்கம்.