இரண்டு கரிநெருப்புகள்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

குறையுள்ள மனிதரைக் கிறிஸ்து எவ்வாறு நேசித்தார் என்று எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு முதலில் வருவது ஒரு கரிநெருப்பு. கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் யோவான் சுவிசேஷத்தில் உள்ளன. இரண்டு நெருப்புகளின் அருகிலும் இயேசுவின் சீடரான பேதுரு இருக்கிறார்.

முதல் நெருப்பு, இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் எரிந்தது. எல்லாரும் இடறினாலும் தான் ஒருக்காலும் இடறுவதில்லை என்று அன்று மாலையில் சூளுரைத்தவர், அங்கே குளிர்காய்ந்தபடியே, ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சத் தொடங்கி, மூன்று முறை தம் ஆண்டவரை மறுதலித்தார். அப்போது ஆண்டவர் திரும்பி அவரை நோக்கிப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பார்வையைக் கடிந்துகொள்ளுதலாக மட்டும் கொள்ள என் மனம் இடம் தருவதில்லை. ஏனெனில் அந்த விழுகைக்கு முன்னரே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு அவரிடம் சொல்லியிருந்தார். சீடர் தவறப்போவதை அறிந்தே ஆண்டவர் அவருக்காக ஜெபித்திருக்கிறார். அவர் குணப்பட்டபின் செய்ய வேண்டிய பணியையும் அப்போதே குறித்துக் கொடுத்திருக்கிறார். இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நெருப்பு திபேரியாக் கடற்கரையில். இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் அகப்படாமல், விடியலில் ஆண்டவருடைய சொல்லால் 153 பெரிய மீன்களைப் பிடித்துக் கரையேறிய சீடருக்கு, உயிர்த்தெழுந்த இயேசு கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். கேள்வி எதுவும் கேட்கப்படுமுன் அவர்கள் உண்டார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். பசியோடும் குற்ற உணர்வோடும் வந்தவனை நிறுத்தி வைத்து விசாரிப்பது நம் வழக்கம். ஆண்டவரோ முதலில் பரிமாறினார்.

ஆனாலும் அவர் நடந்ததை மூடி மறைக்கவுமில்லை. மறுதலிப்பு மூன்று என்றால் கேள்வியும் மூன்று. "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்ற முதல் கேள்வியிலேயே பேதுருவின் பழைய பெருமை தொடப்படுகிறது. பேதுரு இப்போது மற்றவர்களோடு தம்மை ஒப்பிடவில்லை. தம் நேசத்தை ஆண்டவர் அறிவார் என்று மட்டும் சொல்கிறார். மூன்றாம் முறை கேட்கப்பட்டபோது அவர் துக்கப்பட்டார். காயத்தைத் திறந்து கழுவும்போது நோகத்தான் செய்யும். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஆண்டவர் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையே கொடுத்தார். தவறியவரை மன்னித்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடவில்லை.

அதன்பின் பேதுரு பூரணராகிவிட்டாரா? இல்லை. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உண்டு வந்தவர், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் பயந்து விலகிக்கொண்டதால், பவுல் அவரை நேருக்கு நேராக எதிர்த்ததாகக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. அந்தப் பழைய பயம் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. அதற்காக ஆடுகள் அவர் கையிலிருந்து பறிக்கப்படவில்லை. அவர் பெயரிலுள்ள முதலாம் நிருபத்தில், மந்தையை மேய்க்கும்படி சபைத் தலைவர்களான மூப்பர்களுக்குப் புத்தி சொல்லும் இடத்தில், கடற்கரையில் தாம் கேட்ட அதே பணி எதிரொலிக்கிறது. எல்லாரையும்விட நான் உறுதியானவன் என்று ஒரு காலத்தில் சொன்னவர், அங்கே தம்மை "உடன்மூப்பன்" என்று அழைத்துக்கொள்கிறார்.