ஃபத்வா ஆராய்ச்சி: பதிலுக்கு முன்னாடி கேள்வியப் படிங்க

வணக்கமுங்க. ஃபத்வாங்கிறது தீர்ப்பு இல்லீங்க. ஒருத்தர் கேக்கறாரு, முஃப்திங்கிற மார்க்க அறிஞர் மார்க்கச் சட்டப்படி தன்னோட கருத்தச் சொல்றாரு. இஸ்லாமியச் சட்டப்படி, நீதிபதியான காஜி குடுக்கற தீர்ப்புதான் கட்டுப்படுத்தும். நம்ம உச்ச நீதிமன்றமும் 2014ல ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லைன்னுதான் சொல்லுச்சு.

அப்பறம் எதுக்குங்க இத ஆராயறாங்க? ஜோசப் ஷாக்ட்ங்கிற ஆய்வாளர் காலத்துல, இஸ்லாமியச் சட்டம் பத்தாம் நூற்றாண்டு வாக்குலயே இறுகிப்போச்சுன்னு நம்புனாங்க. 1984ல இன்னொரு ஆய்வாளர் வாயில் ஹல்லாக் அத மறுத்தாரு. 1994ல, முஃப்திகிட்ட வந்த நிஜக் கேள்விகளே சட்ட நூலுக்குள்ள போய் விதியாச்சுன்னு காட்டினாரு. அந்த மாத்தம் எப்படி நடக்குதுன்னு சித்த நிதானமாப் பாப்போம்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில ஒருத்தர், பெட்ஷீட் பேலை ரொக்கத்துக்கு 10,000, மூணு மாசக் கடனுக்கு 11,000ன்னு விக்கிறாருன்னு வெச்சுக்கோங்க. இப்படி விக்கிறது மார்க்கப்படி ஆகுமான்னு முஃப்திக்கு எழுதறாரு. பேரு, ஊரு, சரக்கு எல்லாம் அந்தக் காயிதத்துல இருக்குது. ரெண்டுல ஒரு விலைய ஒப்பந்தத்தப்பவே முடிவு பண்ணிட்டா ஆகும்னு பதில் வருது. அந்தப் பதில் ஃபத்வாத் தொகுப்பு நூல்ல ஏறும்போது ஈரோடும் போச்சு, பெட்ஷீட்டும் போச்சு. "ஸைது ஒரு பொருளை அம்ருக்குத் தவணையில் விற்றான்"னு மட்டும் நிக்கும். இந்த உரிக்கிற வேலைக்குத் தஜ்ரீத்னு பேரு. ஒட்டோமான் தொகுப்புகள்ல ஸைது, அம்ரு, ஹிந்த்னு இதே பேருகதான் திரும்பத் திரும்ப வரும். அவங்கள நிஜ ஆளுகன்னு எடுத்து எழுதிட்டா ஆய்வே கெட்டுப்போகுமுங்க.

தேதியிலயும் ஏமாறுவாங்க. ஃபத்வாக்களத் தொகுத்த அல்வன்ஷரீசி 1508ல மொராக்கோவுல ஃபெஸ் நகரத்துல இறந்தாரு. அவரு தொகுத்த அல்மிஃயார்ங்கிற நூல்ல இருக்கறதோ, அவரு காலம் வரைக்கும் பல நூறு வருசமா ஆண்டலூசியாவுலயும் (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின்) வட ஆப்பிரிக்காவுலயும் குடுத்த ஃபத்வாக்கள். அதனால தொகுத்தவரு காலம் தனி, பதில் சொன்ன முஃப்தி காலம் தனின்னு ரெண்டு கட்டம் போட்டுக் குறிச்சுக்கோங்க. ஆய்வாளர் ஜூடித் டக்கர் 1998ல சிரியா, பாலஸ்தீன ஃபத்வாக்களக் காஜி கோர்ட்டுப் பதிவேட்டோட சேத்து வெச்சுப் படிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு இதவிட நம்பகமான வழி இல்லீங்க.

இப்பக் கம்ப்யூட்டர்ல எண்ணறதும் நடக்குதுங்க. ஷாமிலா மாதிரி அரபு டிஜிட்டல் நூலகத்துல ஒரு சொல்லத் தேடி, எத்தன இடத்துல வருதுன்னு கணக்குப் போடறாங்க. ஒரே ஃபத்வா மூணு தொகுப்புல இருந்தா மூணுன்னு எண்ணிரும். மொதல்ல கேள்வி வாசகத்த ஒப்பிட்டு நகலக் கழிச்சுப்போட்டு, அப்பறம் எண்ணுங்க.

தமிழ் ஃபத்வாவத் திரட்டறவங்க மத்ஹபுக்குன்னு (முஃப்தி பின்பத்தற சட்டப் பிரிவு) அட்டவணையில ஒரு பத்தி கட்டாயம் வெக்கணும். நம்ம பக்கம் ராவுத்தருங்க ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி. பயணத்துல மதியத் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் ஒரே நேரத்துல சேத்துத் தொழலாமான்னு கேட்டா, ஹஜ்ஜுல அரஃபாங்கிற மைதானத்துல தவிர ஆகாதுன்னு ஹனஃபி முஃப்தி சொல்லுவாரு. நிபந்தனையோட ஆகும்னு ஷாஃபி முஃப்தி சொல்லுவாரு. அந்தப் பத்தி இல்லாமப் போனா, ரெண்டையும் வரிசையா வெச்சுத் தமிழ் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கருத்து மாறிப்போச்சுன்னு எழுதிருவீங்க.